தூணிடம் பேசிய மருமகன்

கிட்ட வாருங்கள், என் செல்லங்களே. இன்னும் ஒள்ளுப்பம் கிட்ட. சுவரோரம் கிடக்கிற பாயையும் இழுத்துக்கொள்ளுங்கள், மாதா கோயில் மண்டபத்துச் சீமெந்து குளிரும். மேலே சுற்றுகிற ஆமிக்காரன் ஹெலியை நினைத்துக் காதைப் பொத்த வேண்டாம். பொத்தினாலும் அது சுற்றத்தான் செய்யும். நான் ஒரு கதை சொல்கிறேன். கதை முடிவதற்குள் அதற்கும் களைப்பு வந்துவிடும்.

என் மருமகன் பேர்னாட்டோடு நான் முகம் பார்த்துப் பேசியதில்லை. கோபதாபம் ஒன்றும் கிடையாது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்து வழக்கம் அப்படி. இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறவன். வீடு பெண்ணுடையது. வந்தவன் தின்னும் சோறு மாமி சமைத்தது, படுக்கும் பாய் மாமி விரித்தது. ஆனால் மாமி அவன் முன்னால் வந்து நிற்க மாட்டாள், அவனும் மாமியின் முகம் பார்த்து ஒரு சொல் சொல்ல மாட்டான். அது மரியாதை.

அப்படியானால் ஒரு வீட்டில் எப்படிச் சீவிப்பது என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் குசினிக்கும் முன்னறைக்கும் நடுவே முதிரை மரத் தூண் ஒன்று இருந்தது. அவன் தூணிடம் சொல்வான். நானும் தூணிடம் சொல்வேன்.

"தூணே, இண்டைக்கு மீன் ஆணத்துல உப்பு ஒள்ளுப்பம் கூடப்போல."

"தூணே, கூடினாத் தண்ணிய ஊத்திக்கொண்டு தின்னச் சொல்லு. ஊத்துறத்துக்குக் கை இருக்குத்தானே."

நடுவில் இருக்கிற என் மகள் எமிலி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள். பக்கத்து வளவுச் சின்னத்தங்கம் ஒரு நாள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "றோசம்மாக்கா, உங்கட ஊட்டுத் தூணுக்குக் கூலி குடுக்கோணும் கா. ரெண்டு பேரிட பேச்சையும் சுமந்து அது வளைஞ்சி போச்சி" என்றாள். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பேர்னாட்டும் சிரித்தான், தூணைப் பார்த்து.

அவன் நல்ல பொடியன். கல்குடாப் பக்கத்தவன். கள் குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதை சொல்ல எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

இது வெள்ளைக்காரன் காலத்துச் சண்டையில் நடந்தது. ஜப்பான்காரன் நம் கடலில் வந்து குண்டு போட்டுக் கப்பலைத் தாட்டானே, அந்தச் சண்டை. அன்றைக்குக் கடல் பக்கமிருந்து வந்த சத்தத்தில் எங்கள் வீட்டுச் சட்டி பானை எல்லாம் ஒன்றோடொன்று முட்டின. என் புருசன் அருளப்பு அந்தக் கிழமைதான் ஆழக்கடலுக்குத் தோணி ஏறிப் போயிருந்தார். அவரும் வரவில்லை, தோணியும் வரவில்லை. குண்டில் போனாரா, காற்றில் போனாரா, யாருக்கும் தெரியாது. அடக்கம் செய்ய ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு பயம் பிடித்தது. அதைச் சரியாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் உங்களுக்கு விளங்காது. பேய்ப் பயம் இல்லை, குண்டுப் பயமும் இல்லை. ஒரு நாள் காலையில் எழும்பி, ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக்குள்ளிருந்து மறுமொழி வராமல் போகுமோ என்கிற பயம். பகலில்கூட எமிலி கிணற்றடிக்குப் போனால் நான் வாளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சத்தம் நின்றால் என் நெஞ்சும் நிற்கும். படுக்கும்போது அவளுடைய சேலைத் தலைப்பை என் கையில் முடிந்துகொள்வேன். கலியாணத்துக்குப் பிறகு அது சரியில்லை அல்லவா. சுவருக்கு இந்தப் பக்கம் பாயைப் போட்டு அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். மூச்சு இரண்டு கேட்கும். எது அவளுடையது என்று எனக்குத் தெரியும்.

அவளுக்கு நான் கலியாணம் செய்து வைத்ததே அந்தப் பயத்தால்தான். நம் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவள் தனித்துப் போவதில்லை. வருகிறவன் வருவான். மகள் போகிறவள் இல்லை.

எங்கள் வீடு வாவிக்கு மேற்கே, வயல்வெளி தொடங்குகிற இடத்தில் இருந்தது. நாங்கள் அதை வட்டை என்போம். வாவிக்கு அந்தப் பக்கம் பட்டாளத்தான் விமானம் ஓட ஒரு பாதை போட்டிருந்தான். அறுவடை முடிந்து வட்டை காய்ந்து கிடக்கும் மாதங்களில், பெரிய விமானத்தில் ஆட்களை ஏற்றி வந்து எங்கள் வேலிக்கு வெளியே பரசூட் குடையில் இறக்கிப் பழக்கினான். முதல் நாள் ஊரே கும்பிட்டது, வானத்திலிருந்து சம்மனசுகள் இறங்குகின்றன என்று. இரண்டாம் நாள் ஒரு சம்மனசு சின்னத்தங்கத்தின் கத்தரிப் பாத்திக்குள் விழுந்து எழும்பி, அவளிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு போனது.

பேர்னாட்டுக்கு அங்கேதான் வேலை. குடை மடிப்பான். ஆட்கள் குதிக்கிற நாட்களில் வட்டைக்கு வந்து தரை அடையாளம் வைப்பதும் அவன்தான். அந்த அடையாளத்தை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பெரிய விமானத்தைத் தவிரச் சின்ன விமானங்களும் இருந்தன. அவை மேற்கே காட்டுப் பக்கம் போய்ச் சுட்டுப் பழகிவிட்டு, திரும்பும்போது எங்கள் வட்டைக்கு மேலால் தாழ்ந்து வந்து வாவியைக் கடந்து இறங்கும். ஒரே வானம், இரண்டு பேருக்கும் வேண்டும். அந்தக் கரையில் ஒரு உயரமான பரண் கட்டி, அதில் ஒருவன் இருந்து பேசும் பெட்டியால் விமானங்களுக்கு வழி சொல்வான். ஆனால் சின்ன விமானங்களில் அந்தப் பெட்டி பாதி நாள் ஊமை. பரணிலிருந்து பார்த்தால் வட்டையின் தரையும் தெரியாது, கண்டல் மரங்கள் மறைக்கும். ஆகவே ஒரு சிவப்புத் துணி. இரண்டு நீளத் துண்டு, சிலுவை மாதிரிக் குறுக்கே போட்டு, நாலு நுனியிலும் முளை அடித்து வைப்பார்கள். துணி கிடந்தால் வானம் குடைக்குச் சொந்தம். சின்ன விமானம் அதைக் கண்டதும் ஒதுங்கி வடக்கால் சுற்றிப் போய்விடும். துணி இல்லையென்றால் வானம் விமானத்துக்குச் சொந்தம். அவ்வளவுதான். பேர்னாட் துணி விரிக்க, எமிலி கூடப் போய் முளை பிடிப்பாள். அவளுக்கும் அந்த வேலை அத்துப்படி.

ஒரு நாள் மத்தியானம் சோறு தின்றுகொண்டிருந்தவன் கையை நிறுத்தித் தூணிடம் சொன்னான்.

"தூணே, குடை மடிக்கிறவன் தான் மடிச்ச குடையில ஒருக்காக் குதிச்சுக் காட்டோணுமாம். குதிச்சா வேலைய நிரந்தரமாக்குவாங்க. மறுகா பட்டாளத்தோட இந்தியாவுக்குப் போகோணும். பொண்டாட்டியையும் கூட்டிப் போகலாம் எண்டு தொரை சொல்லிட்டார்."

அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தூணுக்கு நான் மறுமொழி சொல்லவில்லை.

அவன் போன பிறகு எமிலியைக் கேட்டேன். "நீ போவியா?"

"அவர் போனா நான் என்ன செய்யிற அம்மா?"

"எங்கட குடியில ஒரு பொம்புளப் புள்ளையும் தாயிட படியைத் தாண்டிப் போனதில்ல."

"நீங்களும் வாங்களன். அவர்தான் சொன்னவர், அம்மாவையும் கூட்டிப் போவம் எண்டு."

"மறுகா அந்தத் தூணையும் பேத்துக்கொண்டா வாற? அங்க ஆரோட பேசுற நான்?"

அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். ஆனால் அழுகைக்கு அடியில் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. போக ஆசைப்படுகிறாள். அருளப்புவும் கடலுக்குப் போகும்போது அப்படித்தான் முகம் வைத்திருப்பார்.

நான் செய்ய வேண்டியதெல்லாம் செய்தேன். மாதாவுக்கு நேர்த்தி வைத்தேன். சுவாமியாரிடம் சொன்னேன். அவரோ, புருசனைப் பின்தொடரச் சொல்லித்தான் வேதத்தில் இருக்கிறது என்றார். அவர் இந்த ஊர்க்காரர் இல்லை. வாளிச் சத்தம் கேட்டால்தான் மூச்சு வந்தது.

குதிக்கிற நாள் வந்தது. கச்சான் காற்று அடிக்கிற காலம், வைக்கோல் துரும்பெல்லாம் பறந்துகொண்டிருந்தது. பேர்னாட் அன்றைக்கு மேலே போகிறான், ஆகவே அவன் இடத்தில் அடையாளம் வைக்க ஒரு பட்டாளத்தான் வரவேண்டும். அவனுக்கு நடுக்கக் காய்ச்சல். வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். எமிலிக்கு வேலை தெரியும்தானே என்று விட்டுவிட்டார்கள். அதில் அவர்களுடைய பிழையும் உண்டு, நான் அதை எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன்.

பிறகு நடந்ததை இத்தனை காலமும் ஊருக்கு இப்படித்தான் சொன்னேன். எமிலி துணியை விரித்து முளை அடித்தாள். நான் வட்டையோரம் பொன்னாங்காணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். அவள் வீட்டுக்குப் போன நேரத்தில் காற்று துணியை அள்ளிக்கொண்டு போய்விட்டது. சின்ன விமானம் ஒன்று துணியைக் காணாமல் உள்ளே வந்துவிட்டது. துணியைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை.

இதில் பொய் அதிகம் இல்லை. இரண்டு மூன்று இடத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

ஹெலி தாழ்ந்து வருகிறது போல. குழந்தையை மடியில் அமுக்கிக்கொள் மகள். வாயைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லு, சத்தம் காதை அடைக்காது. ம். போகிறது.

விட்ட இடம் முதலாவது இது. அன்று காலையில் பேர்னாட் வெளிக்கிட்டுப் படியில் இறங்கியவன் திரும்பி வந்தான். எமிலி கிணற்றடியில் நின்றாள். குசினி வாசலில் நான் முறத்தோடு நின்றேன். அவன் தூணைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். அவன் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. மேல் உதட்டில் வேர்வை. அவனுக்கும் பயம், பிள்ளைகளே. அதுவரை அவன் முகத்தை நான் நேரே பார்த்ததில்லை, இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது.

"மாமி," என்றான். "எமிலி தனிய. நீங்களும் ஒருக்கா அந்தத் துணியில கண் வெச்சுக்கொள்ளுங்க. உங்கள நம்பித்தான் குதிக்கிறன்."

நான் முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, வழக்கப்படி தூணைப் பார்த்துச் சொன்னேன். "ஓம் எண்டு சொல்லு தூணே. பார்த்துக்கொள்ளுவன் எண்டு சொல்லு."

அவன் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனான். இதை நான் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் அவனுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. தூணுக்குத்தான் கொடுத்தேன்.

இரண்டாவது இடம், எமிலி வீட்டுக்குப் போனது. அவள் தானாகப் போகவில்லை. துணியை விரித்து நாலு முளையும் அடித்து, கல்லாலும் தட்டி, கையால் இழுத்துப் பார்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே குந்தியிருந்தாள். கண் வானத்தில். நான்தான், "தலை சுத்துது மகள், ஒள்ளுப்பம் தண்ணி கொண்டா" என்றேன். "இப்ப விமானம் வந்திரும் அம்மா, ஒள்ளுப்பம் பொறுங்களன்" என்றாள். நான் வரம்பில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். அவள் ஓடினாள். தாய் மயங்கினால் ஓடாத பிள்ளையை நான் வளர்க்கவில்லை.

மூன்றாவது இடம். முளைகளைப் பிடுங்குவது கஷ்டமாக இருந்தது. நன்றாகத்தான் அடித்திருந்தாள். ஒன்றை மட்டும் சரித்து மண்ணிலேயே விட்டேன், மற்ற மூன்றையும் பிடுங்கினேன். துணியைச் சுருட்டிக் கடகப் பெட்டிக்குள் வைத்து மேலே கீரையைப் போட்டேன்.

நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். சின்ன விமானம் அன்றைக்கு அந்த வழியால் வராமலே போயிருக்கலாம். வந்தாலும் குடையைக் கண்டு விலகியிருக்கலாம். அவர்கள் பயந்து இந்தக் குதிக்கிற வேலையையே நிறுத்திவிடுவார்கள், பேர்னாட்டும் வேலையை விட்டுவிட்டு வலை எடுப்பான் என்றுதான் நினைத்தேன். துணியை மட்டுந்தான் எடுத்தேன். மற்றதை ஆண்டவருடைய கையில் விட்டேன்.

பெரிய விமானம் தெற்கிலிருந்து வந்தது. மூன்று குடை விரிந்தன. முதல் குடை பேர்னாட்டுடையது, அது எனக்கு எப்படியோ தெரிந்தது. மெதுவாக, அழகாகத்தான் இறங்கினான். அப்போது மேற்கில் சத்தம் கேட்டது. வெயிலுக்குள்ளிருந்து சின்ன விமானம் வந்தது, எப்போதும் போலத் தாழ்ந்து, வீட்டுக்குத் திரும்புகிற மாடு மாதிரி, வேறு நினைவில்லாமல்.

அப்போது நேரம் இருந்தது. துணியை உதறி விரித்துத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருக்கலாம். கடகம் என் காலடியில்தான் இருந்தது. நான் குனியவில்லை.

விமானம் பேர்னாட்டின் குடையைத் தொடவேயில்லை என்று பிறகு சொன்னார்கள். அது கிளப்பிய காற்றே போதுமாயிற்று. குடை நனைந்த சேலை மாதிரி ஒடுங்கியது, பிறகு விரியவில்லை. அவனுக்கு மேலே வந்த வெள்ளைக்காரப் பொடியனைத்தான் அது தொட்டது. அவனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அவனும் ஒரு தாய் பெற்றவன். மூன்றாமவன் வாவிக்குள் விழுந்து பிழைத்துக்கொண்டான்.

வட்டையிலிருந்த சனமெல்லாம் குடை விழுந்த பக்கம் ஓடியது. நான் மற்றப் பக்கம் நடந்தேன். வாவியோரக் கண்டலில் துணியை வீசி, ஒரு கிளையில் மாட்டிவிட்டு வந்தேன். காற்று கொண்டுபோனால் அங்கேதான் கொண்டுபோகும்.

எமிலி செம்பும் கையுமாக வந்தாள். பிள்ளைகளே, அவள் புருசனிடம் ஓடவில்லை. துணி கிடந்த இடத்துக்கு ஓடினாள். சரிந்த முளையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அடிச்ச நான் அம்மா. நாலு பக்கமும் அடிச்ச நான்."

"காத்து மகள்," என்றேன். "கச்சான் காத்து. உன்னில ஒரு பிழையும் இல்ல."

பாருங்கள், பிழை இல்லை என்றுதான் சொன்னேன். ஒரு நாளும் அவளைக் குறை சொன்னதில்லை. விசாரிக்க வந்த துரை, முளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியாக அடித்தாயா என்று கேட்டான். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "தெரியாது" என்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு உண்மையாகவே தெரியாமல் போய்விட்டது.

பட்டாளம் அந்த வருசமே வேறிடம் போயிற்று. எமிலி எங்கும் போகவில்லை. மறுகலியாணம் பேச வந்தவர்களுக்கு முன்னால் வரவில்லை. பூசைக்குக்கூட என்னோடுதான் போவாள், என்னோடுதான் வருவாள். துவைத்த துணியை வேலியில் காயப்போட்டால் ஒவ்வொரு நுனியிலும் கல் வைப்பாள். கைக்குட்டைக்கும் வைப்பாள். இலை அசையாத நாளிலும் வைப்பாள். "காத்தே இல்லையே மகள்" என்பேன். "கிடக்கட்டும் அம்மா" என்பாள். அவள் தலை நரைத்தது, என் பக்கத்திலேயே. விமானச் சத்தம் கேட்டால் கல் வைத்த கையை எடுக்காமல் அப்படியே நிற்பாள். எனக்கு மட்டும் அந்தச் சத்தம் பயமில்லை. வீட்டுக்குள் ஒரு மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது, அது எனக்குப் போதும்.

கூப்பிட்டால் எப்போதும் மறுமொழி வந்தது.

போன தபசு காலத்தில் அவள் படுக்கையில் விழுந்தாள். நீங்களெல்லாம் வந்து பார்த்தீர்கள். கடைசி நாள் நீங்கள் வெளியில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது, என் கையைப் பிடித்து இழுத்து, மெல்லக் கேட்டாள்.

"அம்மா, இப்பயாவது சொல்லுங்க. முளைய இறுக்கித்தானே அடிச்ச நான்?"

இறுக்கித்தான் அடித்தாள். பிடுங்கும்போது என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஒரு "ஓம்" சொன்னால் போதும். ஆனால் அந்த ஓமுக்குப் பின்னால் அவள் இன்னொன்று கேட்பாள் அல்லவா? கேட்டுவிட்டு என் கையை விட்டுவிடுவாள். சாகிற நேரத்தில் ஒரு பிள்ளை தாயின் கையை விடலாமா? அவளுக்குப் பயமாயிருக்காதா?

"காத்து மகள்," என்றேன். "பேசாமப் படு."

அவள் என் கையைப் பிடித்தபடியே போனாள்.

பேர்னாட்டை நான்தான் கொன்றேன். அந்த வெள்ளைக்காரப் பொடியனையும். இதைச் சொல்ல எனக்கு இப்போது தடை ஒன்றும் இல்லை, கேட்டு அழ வேண்டியவள் இல்லை. நீங்கள் ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? பாயை ஏன் இழுக்கிறாய் மகள்? இங்கே இரு. வெளியே இன்னும் சத்தம் கேட்கிறது.

சரி, போகிறதென்றால் ஆசீர்வாதத்தை வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் வீடுகள் இடியாமல் இருக்கட்டும். அடுப்பு அணையாமல் இருக்கட்டும். கடலுக்குப் போனவர் கரைக்கு வரட்டும். தாயை விட்டுப் போக ஒரு நாளும் மனம் வராத என் எமிலியைப் போல, உங்கள் ஒவ்வொரு வீட்டிலும் மாதா ஒரு மகளைத் தரட்டும்.